மேடையில் மாலை மாற்றிய பிறகு: மல்லிகா அமர் ஷேக்கும் இரண்டு திருமணங்களும்

மராத்தியில் 1984-ல் ஒரு தன்வரலாறு வெளிவந்தது. 'மலா உத்வஸ்த வ்ஹாய்ச்சய்' என்று பெயர். 'நான் அழிந்துபோக வேண்டும்' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் கவிஞர் மல்லிகா அமர் ஷேக். அப்போது அவருக்கு வயது 27. தலித் பேந்தர் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரும், மராத்திக் கவிதையின் போக்கையே மாற்றியவருமான நாம்தேவ் தசாலின் மனைவி அவர். அந்த மணவாழ்க்கையைப் பற்றித்தான் புத்தகம்.

தமிழ்நாட்டுத் தலித் இயக்கத் தோழர்களுக்குத் தசாலைத் தெரியும். மல்லிகாவைத் தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தவர்களும் மூன்று விதமாகத்தான் பேசக் கேட்டிருக்கிறோம். "அது அவர்கள் வீட்டு விஷயம், இயக்கத்துக்குக் கெட்ட பெயர் வரும், கிளற வேண்டாம்" என்பது ஒன்று. "புரட்சி பேசியவரின் யோக்கியதையைப் பாருங்கள்" என்று தலித் அரசியலையே கேலி செய்வது இன்னொன்று. "மதம் விட்டு மதம், சாதி விட்டு சாதி கட்டினால் இப்படித்தான் ஆகும்" என்பது மூன்றாவது. மல்லிகா என்ற பெண் என்ன சொல்கிறார் என்று கேட்கும் அக்கறை இந்த மூன்று பேச்சிலுமே கிடையாது.

சாதிமறுப்பு, மதமறுப்புத் திருமணங்களை நடத்திவைக்கும் வேலையிலும், அப்படித் திருமணம் செய்துகொண்ட பெண்கள் பின்னால் ஒருநாள் கைக்குழந்தையோடு வந்து நிற்கும்போது உடன் நிற்கும் வேலையிலும் இருக்கிறவர்கள் நாங்கள். அதனால் இதை வெறும் இலக்கிய வரலாறாக எங்களால் படிக்க முடியவில்லை. மல்லிகாவின் வாழ்க்கையில் இரண்டு மதமறுப்புத் திருமணங்கள் இருக்கின்றன. ஒன்று அவருடைய பெற்றோருடையது. இன்னொன்று அவருடையது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

ஷாஹிரின் மகள்

மல்லிகாவின் தந்தை அமர் ஷேக். 1916-ல் சோலாப்பூர் மாவட்டம் பார்ஷியில் ஓர் ஏழை முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் மெஹபூப் ஹுசேன் படேல். தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கி, கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்து, மராட்டிய மண் முழுக்க அறிந்த ஷாஹிர் ஆனார். பவாடா, லாவணி போன்ற மக்கள் பாட்டு வடிவங்களில் பாட்டுக் கட்டி, கூட்டத்தின் முன் நின்று பாடுகிறவரை அங்கே ஷாஹிர் என்பார்கள். நம் ஊர்க் கட்சிக் கூட்டங்களில் தலைவர் வருவதற்கு முன் பாடிக் கூட்டம் சேர்க்கும் பாடகர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அமர் ஷேக் பாடுகிறார் என்றால் அந்தப் பாட்டுக்காகவே கூட்டம் கூடும்.

1940-களில் அவரும் அண்ணாபாவ் சாத்தேயும் கவான்கரும் சேர்ந்து 'லால் பாவ்டா கலாபதக்' என்ற செங்கொடிக் கலைக்குழுவை நடத்தினார்கள். அண்ணாபாவ் சாத்தே மாங் என்ற தீண்டப்படாத சாதியில் பிறந்தவர். முறையாகப் பள்ளி சென்று படிக்காதவர். 1958-ல் பம்பாயில் நடந்த முதல் தலித் இலக்கிய மாநாட்டில், இந்தப் பூமியைத் தாங்குவது ஆதிசேஷனின் தலை இல்லை, தலித்துகளின், தொழிலாளிகளின் கைகள்தான் என்று பேசியவர். ஆலைத் தொழிலாளர் குடியிருப்புகளில் இவர்கள் பாடினார்கள். பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராத்தி மாநிலம் கேட்டு நடந்த சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தின் குரலே இவர்களுடையதுதான். 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்ததில் ஒரு முஸ்லிம் பாடகருக்கும் ஒரு தலித் பாடகருக்கும் இருக்கும் பங்கை, இன்று மராட்டியப் பெருமை பேசும் கட்சிகள் வாய்திறந்து சொல்வதில்லை. 1969 ஜூலையில் அண்ணாபாவ் இறந்தார். அடுத்த மாதமே அமர் ஷேக் சாலை விபத்தில் இறந்தார். மல்லிகாவுக்கு அப்போது 12 வயது.

மல்லிகாவின் தாய் குசும் ஜெய்கர். இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் இயக்கத்தில் வேலை செய்தவர். பிரிவினையின் ரத்தம் முழுதாகக் காயாத காலத்தில், ஒரு முஸ்லிம் ஆணும் ஓர் இந்துப் பெண்ணும் பம்பாயில் குடும்பம் நடத்தி, இரண்டு பெண் பிள்ளைகளை வளர்த்தார்கள். அந்த வீட்டில் பாட்டும் விவாதமும் தோழர்களும் நிறைந்திருந்தார்கள். மல்லிகா சின்ன வயதில் அடிக்கடி உடம்பு முடியாமல் கிடந்த பிள்ளை. அதனாலேயே செல்லமாக வளர்க்கப்பட்டவர். அந்தக் குழந்தைப் பருவத்தைப் பாசத்தோடுதான் எழுதுகிறார்.

அவருடைய பெயரைக் கவனியுங்கள். மல்லிகா என்பது எந்த இந்து வீட்டிலும் வைக்கக்கூடிய பெயர். அமர் என்பது அவருடைய தந்தை பாடகராக ஏற்றுக்கொண்ட பெயர். ஷேக் என்பது முஸ்லிம் பெயர். கல்யாணமான பிறகும் இந்தப் பெயரில்தான் கவிதை எழுதினார், இந்தப் பெயரில்தான் தன்வரலாற்றையும் வெளியிட்டார். பெற்றோரின் மதமறுப்புத் திருமணம் அவருக்குச் சொத்து எதையும் விட்டுச்செல்லவில்லை. இந்தப் பெயரையும், யாருக்கும் பயப்படாமல் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற துணிச்சலையும் விட்டுச்சென்றது.

சிறுத்தைகள் வந்த காலம்

இப்போது மறுபக்கம் வருவோம். நாம்தேவ் தசால் 1949-ல் புனே அருகே ஒரு கிராமத்தில் மகர் சாதியில் பிறந்தவர். தந்தை பம்பாயில் இறைச்சிக்கடையில் வேலை பார்த்தார். பாலியல் தொழில் நடக்கும் காமாட்டிபுராவை ஒட்டிய கோல்பிதா பகுதியில் தசால் வளர்ந்தார். டாக்ஸி ஓட்டினார். 1970-களின் தொடக்கத்தில் வந்த அவருடைய முதல் கவிதைத் தொகுப்பின் பெயரே 'கோல்பிதா'. அதற்கு முன்னுரை எழுதிய நாடகாசிரியர் விஜய் தெண்டுல்கருக்கே அதில் வரும் பல சொற்கள் புரியவில்லை. தசால் அவரை அந்தத் தெருக்களுக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டியிருந்தது. மத்தியதர வர்க்க மராத்தி இலக்கியம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன இடத்தை, அந்த இடத்தின் சொற்களாலேயே கவிதையாக்கினார் தசால். அந்தச் சாதனையை யாராலும் மறுக்க முடியாது.

1972-ல் தசால், ஜ. வி. பவார், ராஜா தாலே முதலான இளைஞர்கள் தலித் பேந்தர் அமைப்பைக் கட்டினார்கள். அதற்குப் பின்னணியாக இருந்தவற்றில் ஒன்று நம் மண்ணோடு தொடர்புடையது. காட்டுமன்னார்கோவில் பகுதியைச் சேர்ந்த எல். இளையபெருமாள் தலைமையில் மத்திய அரசு அமைத்த குழு, நாடு முழுவதும் தீண்டப்படாத மக்கள் மீது நடக்கும் கொடுமைகளை அறிக்கையாகக் கொடுத்திருந்தது. 1970-ல் அது நாடாளுமன்றத்துக்கு வந்தது. நடவடிக்கை இல்லை. அந்த அறிக்கை எழுப்பிய கோபம் பம்பாயின் குடிசைகளிலும் சாவல்களிலும் பற்றியது.

1972 ஆகஸ்ட் 15 அன்று, சுதந்திரத்தின் வெள்ளிவிழாவை நாடு கொண்டாடியபோது, 'சாதனா' இதழில் ராஜா தாலே எழுதிய கட்டுரை பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. தேசியக் கொடியை அவமதித்தால் 300 ரூபாய் அபராதம், தலித் பெண்ணை மானபங்கப்படுத்தினால் 50 ரூபாய்தான் அபராதம், இது என்ன தேசம் என்று கேட்டார் அவர். 1973-ல் வந்த பேந்தர்களின் அறிக்கை, தலித் என்றால் யார் என்று விளக்கியது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பௌத்தம் தழுவியவர்கள், தொழிலாளர்கள், நிலமற்ற ஏழை விவசாயிகள் என்று அடுக்கிய அந்தப் பட்டியலில் பெண்களும் இருந்தார்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெண்ணின் மீதான வன்முறையைக் கண்டு கொதித்துக் கிளம்பிய இயக்கம் இது. பெண்ணையும் தலித் என்று எழுதிவைத்த இயக்கம் இது. அந்த இயக்கத்தின் கவிஞரை மணந்த பெண்தான் மல்லிகா.

மல்லிகாவின் அக்காவை மணந்தவர் இடதுசாரி எழுத்தாளர் அனில் பர்வே. அவர் வழியாகத் தசால் அந்த வீட்டுக்கு அறிமுகமானார். காதல் பிறந்தது. பதின்ம வயதிலேயே மல்லிகா தசாலை மணந்தார். ஒரு முஸ்லிம் ஷாஹிருக்கும் இந்துத் தாய்க்கும் பிறந்த பெண்ணும், அம்பேத்கரின் பௌத்த மரபில் வந்த தலித் இளைஞரும் இணைந்த திருமணம். செங்கொடியின் மகளும் நீலக்கொடியின் மகனும் கைகோத்தார்கள். மேடையில் வைத்துப் பாடுவதற்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

புத்தகம் சொல்வது

ஆரம்ப நாட்கள் சந்தோஷமாகவே இருந்தன என்று மல்லிகா எழுதுகிறார். பிறகு நடந்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறார். வீட்டுக்கு வராத கணவர். வந்தால் குடி. எந்நேரமும் வீடு நிறையத் தொண்டர்கள், ஆனால் அடுப்பெரிக்கக் காசு இல்லை. அடி. வெளியில் அவர் வைத்திருந்த உறவுகள். அதன் விளைவாகத் தனக்குத் தொற்றிய பால்வினை நோய். மகன் பிறந்த பிறகு, பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள நடத்திய போராட்டம். படிப்பை முடித்து ஒரு வேலையில் நிற்பதற்கு முன்பே மனைவியாகவும் தாயாகவும் ஆகிவிட்ட ஒரு பெண்ணிடம், இதையெல்லாம் எதிர்த்து நிற்கக் கையில் எதுவும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் தசாலின் கவிதையை அவர் குறைத்துப் பேசவில்லை. அவர் மீது தனக்கிருந்த காதலையும் மறைக்கவில்லை. தன்னைத் தியாகியாகவும் காட்டிக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் தலைவராக இருக்கிற மனிதர் வீட்டுக்குள் வந்ததும் ஏன் வேறு ஆளாகிறார் என்பதைப் புரிந்துகொள்ள முயல்கிறார், புரியாமல் தவிக்கிறார். புத்தகத்தின் பலமே அந்தத் தவிப்பில்தான் இருக்கிறது.

வெளியான காலத்தில் மகாராஷ்டிரத்தில் பெரும் பரபரப்பு உண்டானது. ஜெர்ரி பிண்டோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வருவதற்கு 2016 வரை ஆகிவிட்டது. தசால் எங்கெங்கோ போனார். நெருக்கடி நிலையின்போது இந்திரா காந்தியை ஆதரித்தார். 1981-லிருந்து தசைகளைத் தளரச் செய்யும் தீராத நோயோடு வாழ்ந்தார். பிற்காலத்தில் சிவசேனாவுக்கு நெருக்கமானார். 1999-ல் பத்மஸ்ரீயும், 2004-ல் சாகித்திய அகாதமியின் வாழ்நாள் சாதனை விருதும் பெற்றார். 2014 ஜனவரி 15 அன்று மும்பையில் இறந்தார். அதுவரை மல்லிகாவுடனான உறவு முற்றாக அறுபடவில்லை. அப்படிப்பட்ட புத்தகத்தை எழுதியவர் ஏன் விட்டு விலகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. நோயாளியான கணவர், வளரும் பிள்ளை, அற்ப வருமானம், முழுக்கச் செத்துப்போகாத பிரியம் என்று இத்தனையும் ஒரு பெண்ணைக் கட்டிப்போடும் என்பதைக் குடும்ப வன்முறை வழக்குகளைப் பார்க்கிற எவரும் அறிவார்கள்.

குற்றவாளி மதமா?

மல்லிகாவின் கதையைத் தங்கள் கட்சிக்கு இழுத்துக்கொள்ளக் காத்திருப்பவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். மதமறுப்புத் திருமணத்தால்தான் இந்தத் துன்பம் வந்தது என்றால், அவருடைய பெற்றோரின் திருமணத்தை என்ன சொல்வது? இந்து முஸ்லிம் திருமணம் அது. அந்த வீட்டை மகள் ஏக்கத்தோடு நினைத்துப்பார்க்கிறார். மல்லிகா தன் துன்பங்களாகச் சொல்லும் எதுவும் இரண்டு மதங்களின் வேற்றுமையிலிருந்து வரவில்லை. அடி, குடி, பணமின்மை, நோய், பிள்ளை மீதான உரிமை ஆகியவை ஒரே சாதிக்குள், சொந்த மாமன் மகனையே கட்டிக்கொண்ட பெண்ணுக்கும் நடப்பவை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019-21) தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொல்கிறது. இந்தியாவில் சாதி கடந்த திருமணங்களோ ஏறத்தாழ 5 சதவீதம்தான். அடிபடும் பெண்களில் ஆகப் பெரும்பாலோர் சாதகம் பார்த்து, சாதி பார்த்து, பெரியவர்கள் ஆசீர்வாதத்தோடு கட்டிவைக்கப்பட்டவர்கள்.

'தலித் ஆண் என்றால் இப்படித்தான்' என்பவர்களுக்கும் இதுவே பதில். இந்த 38 சதவீதம் சேரியில் மட்டும் இல்லை. ஊர்த்தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு அடிப்பார்கள், சேரியில் ஒற்றை அறை வீட்டில் சாத்தக் கதவு இருக்காது. அதனால் ஒன்று வெளியே தெரிகிறது, மற்றது தெரிவதில்லை.

2022 டிசம்பரில் மகாராஷ்டிர அரசு, மதம் கடந்தும் சாதி கடந்தும் மணந்துகொண்ட பெண்களைக் கண்காணித்து அவர்களுடைய பிறந்த வீட்டோடு இணைக்கப்போவதாக ஒரு குழுவை அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் சாதியை எடுத்துவிட்டு மதத்தை மட்டும் வைத்துக்கொண்டது. அமர் ஷேக்கின் பாட்டால் உருவான மாநிலம் அது. அரசுக்கு மெய்யாகவே பெண்களின் பாதுகாப்பில் அக்கறை இருந்தால், ஒரே மதத்துக்குள் அடிபடும் பெண்களுக்காக அல்லவா முதலில் குழு போட வேண்டும்? சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் கீழ் மணக்க விரும்புகிறவர்கள் 30 நாள் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், அதைப் பதிவாளர் அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்ட வேண்டும் என்று இன்றும் இருக்கிறது. அந்த 30 நாளில் என்னவெல்லாம் நடக்கும் என்பது தருமபுரியையும் உடுமலைப்பேட்டையையும் பார்த்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே மல்லிகாவின் துன்பத்தைக் காட்டி மதமறுப்புத் திருமணத்துக்கு எதிராகப் பேசுவதை நாங்கள் முழுமூச்சாக எதிர்க்கிறோம். அதே மூச்சில் நம் இயக்கத்தையும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்.

அண்ணல் சொன்ன இரண்டு விஷயங்கள்

1936-ல் எழுதிய 'சாதியை அழித்தொழித்தல்' நூலில் அண்ணல் அம்பேத்கர், சாதி ஒழிய மெய்யான மருந்து கலப்பு மணம்தான் என்றார். இதை நாம் எல்லா மேடையிலும் சொல்கிறோம். ஆனால் அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில் அவர் இன்னொன்றைக் காட்டியிருந்தார். அகமணமுறையைக் காப்பாற்றுவதற்காகத்தான் உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், சிறுமித் திருமணம் ஆகியவை வந்தன என்றார். பெண்ணைக் கட்டுக்குள் வைப்பதால்தான் சாதி உயிரோடு இருக்கிறது என்பது அதன் பொருள்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாதி கடந்து, மதம் கடந்து மணம் நடந்துவிட்டால் வேலியில் ஒரு பக்கம் விழுந்தது. உள்ளே பெண்ணின் மீதான கட்டுப்பாடு அப்படியே இருந்தால் மறுபக்கம் நிற்கிறது. இதை அண்ணல் உணர்ந்திருந்தார். சட்ட அமைச்சராக அவர் கொண்டுவந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவில் பெண்ணுக்கு மணவிலக்கும் சொத்தும் இருந்தன. அது நிறைவேறாமல் இழுத்தடிக்கப்பட்டதை முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லி 1951-ல் பதவி விலகினார். மணம் செய்துகொள்ளும் உரிமையோடு, மணத்திலிருந்து வெளியே வரும் உரிமையும் வெளியே வந்த பின் நிற்க ஓரிடமும் பெண்ணுக்கு வேண்டும் என்பதற்காக அமைச்சர் பதவியை விட்டவர் அவர்.

மல்லிகாவுக்கு எந்த வழி இருந்தது? மனைவியைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கிய 498-ஏ பிரிவு 1983-ல்தான் சட்டத்தில் சேர்ந்தது. குடும்ப நீதிமன்றச் சட்டம் அவருடைய புத்தகம் வந்த அதே 1984-ல் வந்தது. கணவர் வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்தது. சட்டம் இல்லாத அந்த இடத்தில் இயக்கம் நின்றிருக்க வேண்டும். இயக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை, வீடு முழுக்கத் தொண்டர்கள்தான். தலைவரின் கையைப் பிடித்து நிறுத்தும் அமைப்புதான் இல்லை. 1974-ல் மார்க்சியமா, பௌத்தமா என்று தத்துவத்தின் பேரில் பேந்தர்கள் பிளந்தார்கள். அவ்வளவு கூர்மையாகத் தத்துவம் பேசிய தோழர்கள், தங்கள் அறிக்கையில் 'பெண்கள்' என்று எழுதிய சொல்லுக்கு நடைமுறையில் என்ன பொருள் என்று உட்கார்ந்து பேசவில்லை.

பேசியவர்கள் பெண்கள்தான். அதே பத்தாண்டில் மராத்தியில் வரிசையாகத் தலித் பெண்களின் தன்வரலாறுகள் வந்தன. பேபி காம்ப்ளே, தான் எழுதிவைத்ததைக் கணவருக்குத் தெரியாமல் 20 ஆண்டுகள் ஒளித்துவைத்திருந்தவர். குமுத் பாவ்டே சமஸ்கிருதத்தில் முதுகலை படித்த தலித் பெண். சாதி கடந்து மணம் செய்து, கணவரின் குடும்பப் பெயர் தன் பெயரோடு ஒட்டிய பிறகுதான் அவருக்கு விரிவுரையாளர் வேலை கிடைத்தது. வேலை தன் படிப்புக்குக் கிடைத்ததா, அந்தப் பெயருக்குக் கிடைத்ததா என்ற கேள்வியை அவர் வெளிப்படையாகவே எழுப்பினார். சாதிமறுப்புத் திருமணத்துக்குள்ளும் சாதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இது ஒரு பாடம். தமிழில் பாமா 1994-ல் 'சங்கதி' எழுதி, நம் பெண்கள் வயலிலும் வாங்குகிற அடியை, வீட்டிலும் வாங்குகிற அடியைச் சேர்த்தே பேசினார். மல்லிகா பிறப்பால் தலித் அல்ல. ஆனாலும் இந்தப் பெண்களின் வரிசையில்தான் அவரை வைத்துப் படிக்க வேண்டும் என்று நாங்கள் நினைக்கிறோம். இவர்கள் யாரும் இயக்கத்தைக் காட்டிக்கொடுக்கவில்லை. இயக்கம் தன் வாயால் சொன்னதை அதற்கே நினைவூட்டினார்கள்.

தாய்வீடு இல்லாத பெண்கள்

பேந்தர்களின் நெருப்பு மகாராஷ்டிரத்தோடு நிற்கவில்லை. 1982-ல் மதுரையில் வழக்கறிஞர் அ. மலைச்சாமி தலித் பேந்தர் அமைப்பைத் தொடங்கினார். அவருடைய மறைவுக்குப் பிறகு தொல். திருமாவளவன் அதை வளர்த்தெடுத்தார். சிறுத்தை என்ற சொல் நம் சேரிகளில் பிள்ளைகளுக்கு நிமிர்ந்து நடக்கக் கற்றுக்கொடுத்தது. எனவே பேந்தர் வரலாற்றின் பெருமை நமக்குச் சேரும் என்றால், மல்லிகா கேட்ட கேள்வியும் நமக்குச் சேரும்.

எங்கள் கள அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். சாதியில் கட்டிக்கொண்ட பெண்ணை அடித்தால், அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவாள். அண்ணன் தம்பி வந்து நியாயம் கேட்பார்கள். பல நேரம் அந்த நியாயம் அவளுக்கு எதிராகவே முடியும் என்றாலும், நாலு நாள் படுத்துத் தூங்க ஓர் இடம் இருக்கும். சாதி விட்டு, மதம் விட்டுக் கட்டிக்கொண்டவளுக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. அவள் உயிரோடு இருக்கும்போதே அவளுக்குக் கருமாதி செய்த வீடுகள் உண்டு. போனால் கொன்றுவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. "எங்க போயிருவ?" என்று கேட்கும் கணவருக்கு இது நன்றாகத் தெரியும். தலித் அல்லாத வீட்டிலிருந்து வந்த பெண்ணுக்கும் இதே கதிதான். தலித் பெண் பிற சாதி வீட்டுக்குப் போயிருந்தால், அடியோடு சாதிப் பேரைச் சொல்லி ஏச்சும் சேரும்.

மல்லிகாவுக்குச் சாய்ந்துகொள்ளத் தாயும் அக்காவும் இருந்தார்கள். அந்தத் தாயே மதம் கடந்து மணந்தவர் என்பதால் மகளிடம் "சொன்னோமே, கேட்டியா" என்று சொல்லும் நிலையில் இல்லை. ஒரு மதமறுப்புத் திருமணம் அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குக் கொடுக்கக்கூடிய மிகப்பெரிய பாதுகாப்பு இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் நம்மிடம் வரும் பெண்கள் பெரும்பாலும் தங்கள் குடும்பத்தில் முதன்முதலாக வேலி தாண்டியவர்கள்.

அரசின் உதவி கல்யாணத்தோடு நிற்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான கலப்புத் திருமண உதவித் திட்டத்தில் பட்டதாரிப் பெண்ணுக்கு 50,000 ரூபாயும் 8 கிராம் தங்கமும் தருகிறார்கள். வரவேற்கிறோம். அந்தத் தங்கம் எத்தனை வீடுகளில் மூன்றாம் மாதமே அடகுக்கடைக்குப் போகிறது என்பதையும் பார்க்கிறோம். நம் அமைப்புகளின் பழக்கமும் இதேதான். அண்ணல் படத்துக்கு முன் மாலை மாற்றி, உறுதிமொழி வாசித்து, படம் எடுத்துப் பகிர்வதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது.

தோழர்களே, நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. திருமணத்தை நடத்திவைக்கும் அமைப்பு, அந்தப் பெண்ணோடு குறைந்தது ஐந்தாண்டு தொடர்பில் இருக்கும் பொறுப்பை ஒரு பெண் தோழருக்குக் கொடுக்க வேண்டும். திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்து, சான்றிதழின் நகலைப் பெண்ணின் கையிலேயே கொடுக்க வேண்டும். அவள் படிப்பு நின்றிருந்தால் தொடரவைக்க வேண்டும், அவள் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். வன்முறை என்று தெரியவந்தால், செய்தவர் மாவட்டப் பொறுப்பாளராகவே இருந்தாலும் விசாரிக்க, அவருக்குக் கட்டுப்படாத பெண்கள் குழு ஒன்று ஒவ்வோர் அமைப்பிலும் இருக்க வேண்டும். நாலு நாள் தங்க ஒரு தோழரின் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். பிறந்த வீட்டை நம்மை நம்பித் துறந்து வந்தவளுக்கு இயக்கம்தான் தாய்வீடு.

தசாலின் கவிதைகளை நாங்கள் தொடர்ந்து படிப்போம், பிள்ளைகளுக்கும் படித்துக்காட்டுவோம். அதே படிப்பு வட்டங்களில் மல்லிகாவின் புத்தகத்தையும் வைக்கிறோம். இதுவரை மூன்று கூட்டங்களில் வாசித்திருக்கிறோம். மூன்றிலும் முதலில் ஆண் தோழர்கள் நெளிந்தார்கள், பிறகு பெண்கள் பேசத் தொடங்கினார்கள், நேரம் போதவில்லை. உங்கள் ஊரிலும் அப்படி ஒரு கூட்டம் போடுங்கள். நாற்காலிகளில் முதல் வரிசையைப் பெண்களுக்கு விட்டுவிடுங்கள்.

ஜெய்பீம்.